பெர்த்தில் ஒரு பேண்டிகூட், கோத்தகிரியில் ஓர் உள்ளான்

பெர்த் புறநகரில் குடியேறிய முதல் ஜூன் மாதம், மழை ஓய்ந்த ஒரு காலையில், கொல்லைப்புறப் புல்தரையில் புனல் வடிவக் குழிகள் பத்துப் பன்னிரண்டு கிடந்தன. கோத்தகிரியில் வளர்ந்த எனக்கு அவை பெருச்சாளியின் வேலையாகவே தோன்றியதால், அன்றே பொறி வாங்கி வந்தேன். பக்கத்து வீட்டு முதியவர் அதைப் பார்த்துவிட்டு, குழி தோண்டியது குவெண்டா என்றும், சட்டம் காக்கும் உயிரினத்தைப் பிடிப்பது குற்றம் என்றும் சொன்னார்.

குவெண்டா, பேண்டிகூட் வகையைச் சேர்ந்த, ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள பைப்பாலூட்டி. பேண்டிகூட் என்பதோ, பெருச்சாளியைக் குறிக்கும் 'பந்திகொக்கு' என்ற தெலுங்குச் சொல் ஆங்கிலத்தின் வாயில் திரிந்த வடிவம். எனவே நான் செய்த பிழையை வெள்ளைக்காரர்கள் முன்பே செய்திருக்கிறார்கள். இதை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவர் காதில் கடைசிப் பாதி மட்டும் விழுந்தது. "கொக்கா? வீட்டுக்குப் பின்னால ஏது கண்ணு தண்ணி?"

தண்ணீரை நாடாத நீர்ப்பறவை ஒன்றை எனக்குக் காட்டியவரே அவர்தான். பனிக்காலத்தில் இமயத்திலிருந்து நீலகிரிக்கு வரும் உட்காக், உள்ளானுக்கு உறவு. ஆனால் சோலையின் ஈரச் சருகிலேயே பொழுதைக் கழிக்கும். லாங்வுட் சோலையோரம் ஒரு மாலை, சருகென்று நினைத்து நான் மிதிக்கப்போனது காலடியிலிருந்து படபடவென்று எழும்பிப் பறந்தது. அலகை மண்ணில் புதைத்தபடியே அதன் நுனியை மட்டும் திறந்து புழுவைப் பற்றும். கண்கள் தலையின் பின்பக்கமாக அமைந்திருப்பதால், அப்போதும் முதுகுக்குப் பின்னால் வருவதைக் காணும்.

குவெண்டாவுக்கு அந்த வசதி இல்லை. சமையலறை விளக்கொளியில் பார்த்திருக்கிறேன்: முன்கால் நகங்களால் நாலு பறி பறிக்கும், கூர்மூக்கை நுழைக்கும், மீசையில் ஈரமண் ஒட்ட நிமிர்ந்து சுற்றிலும் பார்க்கும், மறுபடி குனியும். தோண்டும் மண் குட்டிகள்மேல் விழாதபடி அதன் பை பின்பக்கமாகத் திறக்கிறது. சுமார் 12 நாள் கர்ப்பத்தில், 1 சென்டிமீட்டர் அளவில், குட்டி பிறந்துவிடும் என்றபோது அப்பா நம்பவில்லை. "கோழி முட்டைக்கே இருபத்தொரு நாள் ஆகுமே!" உட்காக் முட்டைக்கும் ஏறத்தாழ அதே மூன்று வாரம்தான், ஆனால் அதன் குஞ்சு பொரிந்த அன்றே நடக்கும், குவெண்டாக் குட்டியோ பைக்குள் வாரக்கணக்கில் வளர வேண்டும்.

பொறி இன்னும் பிரிக்கப்படாமல் கொட்டகையில் இருக்கிறது. மார்கழியில் ஊருக்கு வரும்போது சோலைப் பக்கம் போகலாம் என்கிறார் அப்பா. முழங்கால் வலியால், சாலையோரம் வரைதானாம்.