சோஃபாவை 60 சென்டிமீட்டர் தள்ளிய கதை

படம் ஓடும்போது நான் சோஃபாவில் உட்கார்ந்து வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவேன். பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் தம்பி "கொஞ்சம் குறைண்ணா, நெஞ்சு அதிருது" என்பான். எனக்கோ பேஸே (அடித்தொனி) வரவில்லை. ஒரே அறை, அந்த அடித்தொனிக்கென்று இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபரும் ஒன்றே. அவன் சும்மா அலட்டுகிறான் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ரிசீவரோடு (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) வந்த மைக்கை வைத்து, அறையை அளந்து தானே சரிசெய்யும் ஆட்டோ செட்டப்பை மூன்று முறை ஓட்டியாயிற்று. ஒவ்வொரு முறையும் முடிந்தது என்று சொல்லும், என்ன செய்தது என்று மட்டும் காட்டாது. கடைசியில் யூஎஸ்பி அளவீட்டு மைக் ஒன்றை வாங்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச ஒலி அளவீட்டு மென்பொருளை லேப்டாப்பில் ஏற்றினேன். மைக்கின் சீரியல் எண்ணுக்கு உரிய கேலிபிரேஷன் ஃபைலை (அந்த மைக்கின் பிழையைச் சரிக்கட்டும் கோப்பு) போட மறக்காதீர்கள். மைக்கைக் கூரையைப் பார்க்க நிறுத்தினால் 90 டிகிரி ஃபைல், ஸ்பீக்கரைப் பார்க்க நீட்டினால் 0 டிகிரி ஃபைல். முதல் நாள் நான் இதை மாற்றிப் போட்டுவிட்டு, கிராஃபின் வலது ஓரம், அதாவது உச்ச அதிர்வெண் பக்கம், சரிந்து கிடப்பதைப் பார்த்து ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) போய்விட்டது என்று பயந்தேன்.

சரி, காது உயரத்தில் மைக், அடியிலிருந்து உச்சி வரை ஊளையிட்டுக்கொண்டே போகும் ஸ்வீப், வந்தது எந்த அதிர்வெண் எவ்வளவு சத்தம் என்று காட்டும் கிராஃப். 34 ஹெர்ட்ஸில் கிணறு மாதிரி ஒரு பள்ளம், 68 பக்கத்தில் ஒரு குன்று. பள்ளம் என்றால் நிரப்ப வேண்டியதுதானே என்று ஈக்யூவில் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தை ஏற்றி இறக்கும் வசதி) 34 ஹெர்ட்ஸை 9 டெசிபெல் ஏற்றினேன். 9 டெசிபெல் என்று எழுதும்போது சின்னதாகத் தெரிகிறது, ஆனால் அந்த இடத்தில் ஆம்ப் கிட்டத்தட்ட 8 மடங்கு பவர் கொடுக்க வேண்டும். சப்வூஃபரின் போர்ட்டிலிருந்து (பெட்டியிலுள்ள காற்றுத் துளை) புஸ் புஸ் என்று காற்று அடித்தது, ஜன்னல் கடகடத்தது, தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். என் இடத்தில் கிராஃப் கொஞ்சம் மேலே வந்தது, அவ்வளவுதான், காதில் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்புறம்தான் டேப்பை எடுத்து அறையை அளந்தேன். நீளம் 5 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், அதை நீளத்தின் இரு மடங்கால், அதாவது 10ஆல் வகுத்தால் 34.3. அந்த அதிர்வெண்ணில் முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே ஒலி நிலையலையாக நின்றுவிடுகிறது: இரண்டு சுவர் ஓரத்திலும் அழுத்தம் உச்சம், நட்டநடுவில் ஏறக்குறைய பூஜ்யம். அதன் இரு மடங்கான 68.6இல் சுவர் ஓரத்தோடு நடுவிலும் உச்சம். என் சோஃபா இருந்தது சரியாக நடுவில், முன்சுவரிலிருந்து இரண்டரை மீட்டரில், பார்க்க அழகாக இருக்கும் என்பதற்காக! கிணறும் குன்றும் ஒரே கணக்கில் வந்துவிட்டன. தம்பி உட்கார்ந்த பின்சுவரில் இரண்டு அதிர்வெண்களுமே உச்சம், பாவம் அவன் சொன்னது அத்தனையும் உண்மை. நான் ஏற்றிய 9 டெசிபெல்லும் நேராக அவன் முதுகில்தான் போய் விழுந்திருக்கிறது.

ஆக, ஈக்யூவை மொத்தமாக அழித்துவிட்டு சோஃபாவை 60 சென்டிமீட்டர் பின்னால் தள்ளினேன். 34 ஹெர்ட்ஸ் ஈக்யூ இல்லாமலே எழுந்து வந்தது, 68 கொஞ்சம் அடங்கியது. மீதியிருந்த 68 மேட்டுக்கு மட்டும், அதன் அகலத்துக்கு ஏற்ற க்யூ (வெட்டு எவ்வளவு அகலம் என்ற அளவு) வைத்து, 5 டெசிபெல் குறைத்தேன். மேட்டை வெட்டுவதில் ஒரு லாபம் உண்டு, கிராஃபில் உயரம் குறைவதோடு அந்த நோட் இழுத்துக்கொண்டே நிற்பதும் குறைகிறது. ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று காட்டும் வாட்டர்ஃபால் கிராஃபில் முன்பு நீண்ட வால் மாதிரி இருந்தது இப்போது சீக்கிரம் அறுகிறது, டிரம் அடி விழுந்தவுடன் முடிகிறது.

இந்த வெற்றியில் தலை கனத்து மேலே 20,000 ஹெர்ட்ஸ் வரை கோடு போட்ட மாதிரி தட்டையாக்கினேன் பாருங்கள், அது கொடுமை. வசனத்தில் வரும் ஒவ்வொரு ஸகரமும் காதைக் கீறியது. நல்ல ஸ்பீக்கரை உட்காரும் இடத்தில் அளந்தாலே கிராஃப் இடமிருந்து வலமாக மெல்லச் சரியத்தான் செய்யும், ஏனென்றால் உச்ச அதிர்வெண்களை ட்வீட்டர் குறுகலாகத்தான் வீசுகிறது, அறையிலுள்ள துணியும் மெத்தையும் அதையே அதிகம் விழுங்குகின்றன. அதை வம்படியாக நிமிர்த்தினால் நேராக வரும் ஒலி கெட்டுப்போகிறது. தவிர, அந்த உயரத்தில் மைக்கை நான்கு விரல் நகர்த்தினால் கிராஃபின் பல்வரிசையே மாறிவிடுகிறது, எதைத் திருத்துவது? இப்போது 300 ஹெர்ட்ஸுக்கு மேல் நான் கை வைப்பதில்லை.

இன்னொரு விஷயம், ஆட்டோ செட்டப் சப்வூஃபரின் தூரத்தை டேப் அளவைவிட ஒன்றரை மீட்டருக்கு மேல் கூட்டிக் காட்டும்போது அது தப்பு என்று திருத்தாதீர்கள். நான் திருத்தினேன், கிராஸ்ஓவர் (சப்வூஃபரும் மற்ற ஸ்பீக்கர்களும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் எல்லை) இருக்கும் 80 ஹெர்ட்ஸ் பக்கம் குழி விழுந்தது. சப்புக்குள் இருக்கும் ஃபில்டர்கள் ஒலியைத் தாமதப்படுத்துகின்றன, அந்தத் தாமதத்தைத்தான் ரிசீவர் தூரமாகச் சொல்கிறது.

86 ஹெர்ட்ஸில் இன்னும் ஒரு பள்ளம் மிச்சமிருக்கிறது. முன் ஸ்பீக்கர்கள் தங்களுக்குப் பின்னாலுள்ள முன்சுவரிலிருந்து சரியாக 1 மீட்டர் தள்ளி நிற்கின்றன, போய்த் திரும்பி வரும் ஒலி அரை அலை பிந்தி வந்து நேர் ஒலியை அடித்துவிடுகிறது. இதை ஈக்யூவால் நிரப்பப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டினாற்போல் நகர்த்தி மறுபடி அளக்க வேண்டும். தூக்குவதற்கு ஆள் வேண்டும், தம்பி இன்னும் பிடி கொடுக்கவில்லை.