கிணற்றுத் தண்ணீரும் கார்டீனியாவும்: முதற்பூ மலர்ந்தது

மலைநாட்டிலிருந்து எடுப்பித்துச் சாடியில் வளர்த்த கார்டீனியா இந்தப் பங்குனியில் முதற்பூவைத் தந்தது. வெள்ளை வெளேரென விரிந்த பூ வாடத் தொடங்கி மஞ்சளான பின்னும் முற்றம் மணந்துகொண்டிருந்தது. தென்சீனாவையும் யப்பானையும் தாயகமாகக் கொண்ட செடி யாழ்ப்பாணத்து வெய்யிலைத் தாங்காது என்றே பலரும் சொல்வர். மாமர நிழலில் காலை வெய்யில் மட்டும் படும்படி வைத்தால் வெய்யிலைச் சமாளித்துவிடலாம். இதனை வாட்டி வதைப்பது எங்கள் கிணற்றுத் தண்ணீரே.

குடாநாட்டின் அடிநிலம் சுண்ணக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ, அதுவே சாடி மண்ணிலும் நாள்தோறும் சேர்கிறது. கார்டீனியா கேட்கும் பி.எச். பெறுமானம் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5 முதல் 6 வரை. அது 7ஐத் தாண்டினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேர் அதனை எடுக்க முடியாது. நரம்புகள் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் வெளிறிய மஞ்சளாகும் இளந்தளிரே அதற்கு அடையாளம். முதிர்ந்த இலையில் சேர்ந்த இரும்பு தளிருக்கு நகராது என்பதால் கீழிலைகள் பச்சையாகவே இருக்கும். கீழிலைகள் முதலில் மஞ்சளானால் அது வேறு குறை.

தண்ணீரை அமிலமாக்குவதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. தேசிக்காய்ப் புளி விட்டுக் கலக்கியவுடன் சோதனைத் தாளை நனைத்தால் பெறுமானம் 6க்குக் கீழே காட்டும். ஆனால் வாளியை இரவு முழுவதும் திறந்து வைத்தால், கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறி, காலையில் பெறுமானம் மீண்டும் ஏறியிருக்கும். ஆகவே மறுநாள் காட்டும் அளவையே நம்ப வேண்டும். அத்துடன், தேசிக்காயின் சித்திரிக்கமிலம் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிவிடுவதால் அதன் பயனும் நெடுநாள் நிற்பதில்லை. இதனாலேயே ஐப்பசி முதல் மார்கழி வரை கூரை மழைநீரை மூடிய தாங்கியில் சேர்த்து, வரண்ட மாதங்களில் அதனுடன் பாதிக்குப் பாதி கிணற்று நீரைக் கலந்து விடுகிறேன். பற்றரி அமிலம் ஊற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேளாதீர்கள்.

இரும்பு உரம் வாங்குவோர் பொதியின் பின்புறத்தைப் படித்து வாங்குங்கள். இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் சேர்வை எதுவென்று அதில் இருக்கும்: ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை எங்கள் காரத்தன்மையில் விரைவில் பயனற்றுப்போகும், ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகையே நின்று பிடிக்கும். அது கரைந்தால் தண்ணீர் பீற்றூட் அவித்த நீர்போலச் சிவக்கும். உள்ளூர்க் கடையொன்றில் இரண்டும் ஒன்றுதான் என்று அடித்துச் சொல்லி முதல் வகையையே தலையில் கட்டினார்கள்; அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. சரியான வகையைக் கொழும்பிலிருந்துதான் எடுப்பிக்க வேண்டியிருந்தது.

செண்பகத்தில் பதிவைத்துப் பார்க்கும் எண்ணம் உண்டு. அதற்கான தும்புச்சோற்றை இப்போதே கழுவி வைத்துவிட்டேன். கார்டீனியாவில் மொட்டு உதிர்வது இன்னும் நிற்கவில்லை. இரவு வெப்பநிலை 18 பாகை அளவுக்கு இறங்கினால் அது நன்றாக மொட்டுக் கட்டும். மார்கழியிலும் எங்கள் இரவுகள் அவ்வளவு குளிர்வதில்லை. கட்டிய சில மொட்டுகளையாவது காக்க, சாடியைக் கிணற்றடி வாழைகளுக்கு நடுவே ஈரக்காற்றில் நகர்த்தியிருக்கிறேன்.