ஏர் ஃபில்டரை மாற்றினால் பிக்கப் கூடுமா? தண்ணீர்க் குழாய் வைத்து அளந்து பார்த்தேன்

புது ஃபில்டரைப் பொருத்திவிட்டு முதல் தடவை ஆக்சிலரேட்டரை அழுத்தியபோது வண்டி முன்பைவிடப் பாய்ந்த மாதிரிதான் இருந்தது. அந்த உணர்வு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் செய்த, கழுவிக் கழுவிப் பயன்படுத்தக்கூடிய ஃபில்டர் அது. பானெட்டுக்கு அடியிலிருந்து கனத்த உறுமல் ஒன்று கேட்டது. முள் மேலே ஏற ஏற அந்தச் சத்தமும் கூடவே ஏறியது. அன்று ராத்திரியே நண்பனுக்குப் போன் போட்டு, "நாலஞ்சு குதிரையாவது கூடியிருக்கும்டா" என்றேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அளந்து பார்த்தியா?"

அளக்கவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவும் இல்லை. அடுத்த இரண்டு மாதம் விடுமுறை நாட்களை எல்லாம் இதற்கே செலவழித்தேன்.

முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டேன். என் வண்டி 1.6 லிட்டர் பெட்ரோல், டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது, கம்பெனி சொல்லும் சக்தி 105 குதிரை. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் காற்றை இழுக்கும். ஆக, நிமிடத்துக்கு 6000 சுற்றில் 4800 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்பதால் 90 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 4300 லிட்டர், அதாவது நொடிக்கு 72 லிட்டர். 200 லிட்டர் டிரம்மில் இருக்கும் காற்று மூன்று நொடிக்குள் காலி. இவ்வளவு காற்றும் ஒரு காகிதத்துக்குள் புகுந்துதான் போகவேண்டும் என்று நினைத்தால், என்ஜினுக்கு மூச்சு முட்டத்தான் செய்யும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் கழற்றி வைத்திருந்த பழைய காகித ஃபில்டரை மேஜையில் போட்டு மடிப்புகளை எண்ணினேன். 60 மடிப்பு. ஒவ்வொன்றும் 4 செ.மீ. ஆழம், 20 செ.மீ. நீளம், இரண்டு பக்கம். விரித்தால் 9600 சதுர செ.மீ., கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர்! கையில் அடங்குகிற அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன மேஜை விரிப்பு அளவுக்குக் காகிதம் மடிந்து கிடக்கிறது. நொடிக்கு 72 லிட்டர் காற்று அந்தப் பரப்பு முழுவதும் பரவிப் போகும்போது அதன் வேகம் நொடிக்கு ஏழரை செ.மீ.தான். என்ஜின் உச்சச் சுற்றில் அலறும்போதும் காகிதத்தைத் தாண்டுகிற காற்று அவ்வளவு நிதானமாகப் போகிறது. அதே காற்று அடுத்து நுழையும் த்ராட்டில் வாயின் (ஆக்சிலரேட்டரை அழுத்தினால் திறக்கும் தட்டு இருக்கும் இடம்) விட்டம் என் வண்டியில் 55 மில்லிமீட்டர். அங்கே அதே காற்றின் வேகம் நொடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 109 கி.மீ.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இடுக்கு இருப்பது ஃபில்டரில் இல்லை. ஆனாலும் கணக்கு கணக்குதான், அளவு அளவுதான் என்று அடுத்த வேலையில் இறங்கினேன்.

கட்டட வேலையில் மட்டம் பார்க்க ஒரு தண்ணீர்க் குழாய் வைத்திருப்பார்களே, அதே சங்கதிதான். வண்ணம் கலந்த தண்ணீரை ஊற்றி, மெல்லிய கண்ணாடிக் குழாய் போன்ற பிளாஸ்டிக் ட்யூபை 'ப' மாதிரி வளைத்து ஒரு பலகையில் கட்டினேன். ஒரு முனை ஃபில்டருக்கு முன்னால், இன்னொரு முனை ஃபில்டருக்குப் பின்னால். என்ஜின் இழுக்கும்போது ஃபில்டர் எவ்வளவு தடுக்கிறதோ அவ்வளவுக்குத் தண்ணீர் ஒரு பக்கம் ஏறும். ட்யூப் செருக ஓட்டை போட்டது ஒரு பழைய உதிரி ஏர்பாக்ஸில், அதாவது ஃபில்டர் உட்காரும் பெட்டியில். நல்ல பெட்டியில் கை வைக்க மனம் வரவில்லை. முதல் நாள் எடுத்த அளவு அத்தனையும் வீண். வண்டி முன்னே பாயும்போது தண்ணீரும் பின்பக்கம் சாய்ந்துவிடுகிறது, அது எனக்குத் தோன்றவே இல்லை. பலகையைக் குறுக்காகத் திருப்பி, ட்யூபின் இரண்டு கால்களும் இடம் வலமாக நிற்கும்படி கட்டிய பிறகுதான் அளவு ஒழுங்காக வந்தது. ஆளில்லாத நேர்ச்சாலை, இரண்டாவது கியர், ஆக்சிலரேட்டர் முழு அழுத்தம், 6000 சுற்று. நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து போனில் படம் பிடித்தான். ஒவ்வொரு ஃபில்டருக்கும் ஐந்து ஓட்டம்.

35,000 கி.மீ. ஓடிய பழைய காகித ஃபில்டர்: 13 செ.மீ. தண்ணீர். புதுக் காகித ஃபில்டர்: 8. பருத்தி ஃபில்டர்: 6.

ஆக, பருத்தி ஃபில்டர் காற்றை எளிதாக விடுகிறது என்று விளம்பரத்தில் சொல்வது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. கேள்வி எவ்வளவு என்பதில் இருக்கிறது. நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1033 செ.மீ. தண்ணீர் உயரத்துக்குச் சமம். அதில் 2 செ.மீ. வித்தியாசம் என்றால் 0.2 சதவீதம். 105 குதிரையில் 0.2 சதவீதம் என்பது ஒரு குதிரையில் ஐந்தில் ஒரு பங்கு. ஃபில்டரையே தூக்கி எறிந்துவிட்டு ஓட்டினால்கூட, புதுக் காகிதத்தைவிட எனக்குக் கிடைக்கக்கூடியது 0.8 சதவீதம், ஒரு குதிரைகூட முழுதாக வராது. எந்தத் துணியில் செய்தாலும், யார் செய்தாலும், ஒரு ஃபில்டரால் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. ஃபில்டரே இல்லாததைவிட நல்ல ஃபில்டர் ஒன்று இருக்க முடியாதே.

அப்படியானால் அன்று நான் உணர்ந்தது என்ன? ஒன்று, நான் ஒப்பிட்டது 35,000 கி.மீ. தூசி அடைத்த காகிதத்தோடு. 13-இலிருந்து 6. அந்த வித்தியாசத்தில் பெரும் பகுதி புதுக் காகிதம் போட்டிருந்தாலும் கிடைத்திருக்கும். வண்டியில் ஃபில்டர் மாற்றிய எல்லோரும் செய்யும் ஒப்பீடு இதுதான் என்று நினைக்கிறேன். நல்ல நிலையில் இருக்கும் புதுக் காகிதத்தைக் கழற்றிவிட்டு யாரும் மாற்றுவதில்லை. இன்னொன்று சத்தம். ஏர்பாக்ஸும் அதோடு ஒட்டியிருக்கும் வெற்று அறைகளும் காற்று இழுக்கும் ஓசையை அடக்குவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை. தடிமனான காகிதமும் அதில் கொஞ்சம் உதவுகிறது. அது போனால் உறுமல் வெளியே வரும். உறுமல் கேட்டால் வண்டி வேகமாகப் போகிறது என்று உடம்பு நம்பிவிடுகிறது. அதே சாலையில் 40-இலிருந்து 80 கி.மீ. வரை மூன்றாவது கியரில் நேரம் பார்த்தேன், இரண்டு திசையிலும். புதுக் காகிதத்துக்கும் பருத்திக்கும் இடையே கடிகாரத்தில் வித்தியாசமே தெரியவில்லை. காதுக்கு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

டைனோ (சக்கரத்தை உருளைமேல் சுழலவிட்டுச் சக்தியை அளக்கும் கருவி) வரைபடம் காட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். நானும் ஒரு நாள் டைனோவில் ஏற்றினேன். ஃபில்டரைத் தொடாமல் அடுத்தடுத்து மூன்று ஓட்டம்: சக்கரத்தில் 88.1, 89.6, 88.9. எதையும் மாற்றாமலே ஒன்றரைக் குதிரை ஏறி இறங்குகிறது. என்ஜின் சூடு, டயர் சூடு, அறையின் வெப்பம், எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. வெப்பத்தையும் காற்றழுத்தத்தையும் சரிக்கட்ட எஸ்ஏஇ ஜே1349 என்று ஒரு முறையே இருக்கிறது, 25 டிகிரி வெப்பத்தை அடிப்படையாக வைத்து. அதைப் போட்டாலும் இந்த ஆட்டம் முழுதாக அடங்குவதில்லை. ஐந்தில் ஒரு குதிரையை இதற்குள் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். ஒரே ஒரு ஓட்டம் முன்னால், ஒரே ஒரு ஓட்டம் பின்னால் என்று காட்டும் எந்த வரைபடத்தையும் இப்போது நான் நம்புவதில்லை.

இன்னும் ஒரு விஷயம் எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிறது. ஏர்பாக்ஸையே கழற்றிவிட்டுத் திறந்த கோன் ஃபில்டரை என்ஜின் பக்கத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள். நண்பன் அப்படித்தான் செய்திருந்தான். அவன் வண்டியில், வண்டிக் கணினியின் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி கருவியை மாட்டி, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பார்த்தோம். நெரிசலில் நகர்ந்துகொண்டிருந்தபோது 62 டிகிரி. கம்பெனி ஏர்பாக்ஸை மறுபடி மாட்டி, அதே மாதிரி நெரிசலில் பார்த்தால் 38. சூடான காற்று அடர்த்தி குறைந்தது. 38-க்கும் 62-க்கும் இடையே அடர்த்தி 7 சதவீதம் குறைகிறது. போதாததற்கு, சூட்டில் பெட்ரோல் தானாகவே வெடித்துத் தட்ட ஆரம்பித்தால், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ இக்னிஷன் பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடும், சக்தி இன்னும் குறையும். ஓட ஆரம்பித்தால் வித்தியாசம் குறைகிறது என்பதும் உண்மை. ஆனால் கம்பெனி ஏர்பாக்ஸின் மூக்கு கிரில்லுக்குப் பக்கத்தில் நீண்டுகொண்டிருப்பது காரணத்தோடுதான்.

காற்று வழியை அகலமாக்கினால் சக்தி கூடும் என்ற அடிப்படை தப்பில்லை, இடம்தான் தப்பு. உலக ராலி போட்டியில் 1995-ஆம் ஆண்டு டர்போவின் வாயில் 34 மில்லிமீட்டர் கட்டுப்பாட்டு வளையம் கட்டாயமாக இருந்தது. அந்த ஆண்டு கத்தலூன்யா ராலியில் டொயோட்டா அணியின் செலிகா காரில், வளையத்தைச் சுற்றிப் பக்கவழியாகக் கூடுதல் காற்று புகும்படி ஒரு நுட்பமான ஏற்பாடு கண்டுபிடிக்கப்பட்டது. அணியின் புள்ளிகள் பறிபோயின, 1996 முழுவதும் போட்டியிலிருந்து தடை. உண்மையான இடுக்கில் சில மில்லிமீட்டர் அவ்வளவு பெறும். பெரிய டர்போ போட்டு, வால்வைத் திறக்கும் கேம்ஷாஃப்டை மாற்றி, கம்பெனி கணக்கைவிட ஒன்றரை மடங்கு காற்றை இழுக்கிற என்ஜினுக்குக் கம்பெனி ஃபில்டர் இடுக்காகலாம். அங்கே பெரிய ஃபில்டருக்கு வேலை இருக்கிறது. என்னுடையதைப் போன்ற சாதாரண வண்டிக்கு இல்லை.

மைலேஜ் கூடும் என்பதும் அப்படித்தான். சாதாரணமாக ஓட்டும்போது த்ராட்டில் தட்டு பாதிக்கு மேல் மூடியே இருக்கிறது. குழாயைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு, தொட்டியிலிருந்து வரும் பைப்பைப் பெரிதாக்கினால் தண்ணீர் கூடவா வரும்? அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தது. ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டியும், இன்ஜெக்ஷன் வண்டிகளில் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. வேகமெடுக்கும் நேரம்தான், அடைத்ததை மாற்றிய பிறகு 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது. கார்புரேட்டர் வண்டிக்கு மட்டும் மைலேஜிலும் பாதிப்பு தெரிந்தது.

சரி, நன்மை சின்னது, தீமை இல்லையே, போட்டுவிட்டுப் போகலாமே என்றுதான் நானும் ஆறு மாதம் பருத்தியையே விட்டு வைத்திருந்தேன். முதல் தடவை கழுவி எண்ணெய் தடவி மாட்டிய பத்தாவது நாள், செக் என்ஜின் விளக்கு எரிந்தது. சிக்னலில் நின்று கிளம்பும்போது வண்டி ஒரு நொடி திணறியது. ஓபிடியில் பி0171, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். காற்றின் அளவைச் சொல்லும் சென்சாரில் சூடேற்றிய மெல்லிய கம்பி இருக்கிறது. காற்று அதைக் குளிர்விக்கும் அளவை வைத்து ஈசியூ கணக்குப் போடுகிறது. ஃபில்டரிலிருந்து கிளம்பிய எண்ணெய்ப் படலம் அந்தக் கம்பியில் போர்வை மாதிரி படிந்திருந்தது. காற்று குறைவாக வருகிறது என்று நினைத்து ஈசியூ பெட்ரோலைக் குறைக்க, புகையைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று கத்த, அதை ஈடுகட்ட ஈசியூ கூட்டிய பெட்ரோல் திருத்தம் 22 சதவீதம் வரை போயிருந்தது. சென்சாருக்கென்றே இருக்கும் ஸ்ப்ரேயால் கழுவி, இரண்டு நாள் ஓட்டியதும் 3-க்கு இறங்கியது. எண்ணெய் அதிகமானதுதான் காரணம், சரியான அளவு தடவினால் வராது என்றார் மெக்கானிக். இருக்கலாம். காகிதத்தில் அந்த அளவுக் கவலையே கிடையாது.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிய கவலை தூசி. மண்ணிலும் மணலிலும் இருக்கும் குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7, கத்தி இரும்பைவிடக் கடினம். கண்ணுக்குத் தெரியாத துகள் சிலிண்டர் சுவருக்கும் ரிங்குக்கும் நடுவே மாட்டினால் உப்புத்தாள் போல அரைக்கும். ஃபில்டர்களை ஐஎஸ்ஓ 5011 என்ற முறைப்படி, அளந்த தூசியை ஊதிச் சோதிக்கிறார்கள். 99 சதவீதம், 98 சதவீதம் என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டால் இரண்டும் ஒன்று போலத் தெரியும். உள்ளே போவதைப் பாருங்கள்: ஒன்றில் 1, மற்றதில் 2. இரண்டு மடங்கு தூசி. அதனால் இப்போது எந்த ஃபில்டர் அட்டையை எடுத்தாலும் காற்று எவ்வளவு போகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் இந்த எண்ணைத் தேடுகிறேன். பல அட்டைகளில் குதிரைசக்தி பெரிதாக இருக்கிறது, இந்த எண் இல்லவே இல்லை.

பருத்தி ஃபில்டர் இப்போது அலமாரியில் இருக்கிறது. வண்டியில் கம்பெனி அளவுக் காகிதம். ஓட்டை போட்ட அந்த உதிரி ஏர்பாக்ஸை மட்டும் இன்னும் வைத்திருக்கிறேன். சில மாதங்களுக்கு ஒரு தடவை அதில் இந்தக் காகிதத்தை மாற்றி வைத்து அளக்கிறேன். 13-ஐத் தொட்டால் மாற்றிவிடலாம் என்று எண்ணம். 11,000 கி.மீ. ஓடியாயிற்று, போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது 9.