725 கிலோ

இன்று காலை ஒரு பழைய லோட்டஸ் எலீஸ் என்ற சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டிப் பார்த்தேன். மனசு இன்னும் அந்த இருக்கையை விட்டு இறங்கவில்லை. பவர் ஸ்டியரிங் கிடையாது. சாலையின் ஒவ்வொரு சின்ன மேடும் நேராக உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது. 1996-இல் வந்த முதல் எலீஸின் எடை சுமார் 725 கிலோதான். அலுமினியத் துண்டுகளைப் பசையால் ஒட்டிச் செய்த சட்டகம். அதனால்தான் 118 குதிரைத்திறனே தாராளமாகப் போதுகிறது. வளைவில் திருப்பினால் உடம்போடு ஒட்டிய சட்டை மாதிரி கூடவே திரும்புகிறது!

சரி, வாங்கலாமா? அகலமான பக்கச் சட்டத்தைத் தாண்டி உள்ளே இறங்குவதே ஒரு வேலை. பெட்டி வைக்க இடம் மிகக் குறைவு. எலீஸ் தயாரிப்பும் 2021-இல் நின்றுவிட்டது. தினசரி ஓட்டத்துக்கு ஆகாது, இரண்டாவது காராக மட்டும்தான். அப்புறம், இந்த வண்டியை நன்றாகத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வேண்டும். அவர் கிடைத்தால் வாங்கிவிடுவேன்.