பஞ்சாலை ஊரின் மேசானிக் சபையில் ஒரு திருச்சிக்காரன்

இங்கிலாந்தின் வடபகுதியில் வந்து குடியேறும் நம்மவர்களுக்கு எளிதில் பிடிபடாத செய்தி ஒன்று உண்டு. இவ்வூர்க்காரர்கள் நட்பை வீட்டு வாசலில் வளர்ப்பதில்லை. பல ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டில் இருப்பவர் மழையைப் பற்றி அன்போடு பேசுவார், பனியில் சிக்கிய காரை வந்து தள்ளிக் கொடுப்பார், ஆனால் உள்ளே வந்து ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதே மனிதரைத் தேவாலயப் பாடகர் குழுவிலோ, கிரிக்கெட் மன்றத்திலோ, பித்தளை வாத்தியக் குழுவிலோ பார்த்தால் ஆளே வேறாக இருப்பார். ஏதேனும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்யும்போதுதான் இவர்களுக்குப் பேச்சு வருகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது நான் சேர்ந்த மேசானிக் சபை; ஃப்ரீமேசான்கள் என்னும் ஆண்களின் பழைய சகோதரத்துவ அமைப்பின் உள்ளூர்க் கிளை அது. இங்கே எல்லோரும் அதை லாட்ஜ் என்பார்கள்.

எழுபதுகளின் இறுதியில் பழைய லங்காஷயரின் போல்ட்டனுக்கு நான் வந்தபோது, பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. 1779இல் சாமுவேல் கிராம்ப்டன் ‘மியூல்’ என்னும் நூற்பு இயந்திரத்தை உருவாக்கிய ஊர் அது. உயரமான புகைபோக்கிகளும் வரிசை வீடுகளும் இருந்தன, வேலை குறைந்துகொண்டு வந்தது. குஜராத்திகள் நிறையப் பேர் இருந்தார்கள். தமிழ் பேச வேண்டுமென்றால் மான்செஸ்டரில் இருந்த இரண்டொரு மருத்துவர் குடும்பங்களைத் தேடிப் போக வேண்டும். குளிர்காலத்தில் நான்கு மணிக்கே இருட்டிவிடும். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை முடித்து வந்தால் வீடும் தொலைக்காட்சியும்தான். அந்த ஆய்வகத்தின் மூத்த உதவியாளர்தான், பல மாதங்கள் தயங்கித் தயங்கி, தம் சபையைப் பற்றிப் பேச்செடுத்தார். ஆள் கேட்டு விளம்பரம் செய்யும் பழக்கம் அந்தக் காலத்தில் இல்லை. விருப்பம் இருந்தால் நீயே கேட்க வேண்டும் என்பது போல் சுற்றி வளைத்துத்தான் சொன்னார்.

சேருவதற்கான வழிமுறை நம் ஊரில் பெண் பார்க்கும் படலத்தைப் போன்றது. முன்மொழிய ஒருவரும் வழிமொழிய ஒருவரும் வேண்டும். பிறகு சபையின் குழு விசாரிக்கும். எங்கள் வீட்டுக்கும் இருவர் வந்தார்கள். என் மனைவியிடம், கணவர் மாலை நேரங்களில் வெளியே போவதில் மறுப்பு உண்டா, சந்தாப் பணம் குடும்பச் செலவைப் பாதிக்குமா என்று கேட்டார்கள். என்னிடம் கேட்டவற்றுள் முக்கியமானது, பரம்பொருள் ஒன்றில் நம்பிக்கை உண்டா என்பது. எந்தச் சமயம் என்று கேட்கவில்லை. கடைசியில் வெள்ளை, கறுப்பு உருண்டைகளால் இரகசிய வாக்கெடுப்பு. மூன்று கறுப்பு விழுந்தால் கதவு சாத்தப்பட்டுவிடும். ஒன்றே போதும் என்று துணைவிதி வகுத்துக்கொண்ட சபைகளும் உண்டு.

உறுதிமொழியை அவரவர் சமயத்தின் புனித நூலின்மீது எடுக்கலாம் என்பதால், எந்த நூல் வேண்டும் என்று செயலாளர் எழுதிக் கேட்டார். திருச்சியில் சைவக் குடும்பத்தில் பிறந்தவனுக்குத் தேவாரமோ திருவாசகமோதான் முறை. ஆனால் இந்து என்றால் பகவத்கீதை என்று அவரிடம் ஏற்கெனவே குறிப்பு இருந்தது. அவர் சிரமப்பட்டு ஒரு கீதைப் பிரதியைத் தேடி வாங்கியும் வைத்திருந்தார். அந்த அக்கறைக்கு முன்னால் சைவ சித்தாந்தம் பேசுவது அழகல்ல என்று கீதையின்மீதே கை வைத்தேன். எங்கள் ஊருக்கும் இந்த அமைப்புக்கும் பழைய உறவு இருப்பது பின்னர்தான் தெரிந்தது. கர்நாடக நவாபின் மூத்த மகன் உம்தத்-உல்-உமரா 1770களில் திருச்சிராப்பள்ளியிலேயே மேசானாகச் சேர்க்கப்பட்டார்; சேர்ந்த முதல் இந்தியர்களுள் ஒருவராக அவரைச் சொல்கிறார்கள். சென்னை மெரினாவில் காவல்துறைத் தலைமையகமாக இருக்கும் வெள்ளைக் கட்டடம்கூட 1839இல் மேசானிக் சபைக்காக எழுப்பப்பட்டதுதான். அதன் வாசலில் பலமுறை பேருந்துக்கு நின்றிருக்கிறேன்; அது என்ன கட்டடம் என்று கேட்கத் தோன்றியதில்லை.

சடங்குகளின் உள்விவரத்தை நான் எழுதப் போவதில்லை. அடையாளச் சைகைகளும் சொற்களும் தவிர மற்றவை ஏறத்தாழ எல்லாமே அச்சில் கிடைக்கின்றன என்பது வேறு. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இங்கே யாரும் தாளைப் பார்த்து வாசிப்பதில்லை. புதிதாகச் சேர்பவருக்குச் சொல்லும் நீண்ட அறிவுரைகள், அடையாளமாகக் கொள்ளும் கல்தச்சர் கருவிகளின் விளக்கங்கள் எல்லாமே மனப்பாடமாகச் சொல்லப்பட வேண்டும். இருபத்துநான்கு அங்குல அளவுகோலை நாளின் இருபத்துநான்கு மணிநேரமாகக் கொண்டு, அதில் ஒரு பங்கு இறைவழிபாட்டுக்கு, ஒரு பங்கு உழைப்புக்கும் ஓய்வுக்கும், ஒரு பங்கு துன்பப்படும் நண்பனுக்கு என்று பிரித்துச் சொல்லும் பகுதி எனக்கு முதலில் கிடைத்தது. லண்டனில் 1823 முதல் நடந்துவரும் எமுலேஷன் பயிற்சிச் சபையில், ஒரு சடங்கை யாரும் எடுத்துக் கொடுக்காமல் பிழையின்றிச் செய்து முடிப்பவருக்கு வெள்ளித் தீப்பெட்டி உறை பரிசு தருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சபையிலோ வங்கி மேலாளர்களும் கட்டட ஒப்பந்தக்காரர்களும் நான்கு வரிக்குத் திணறிக்கொண்டிருந்தார்கள். திருக்குறளை அதிகாரம் அதிகாரமாக ஒப்பித்து வளர்ந்தவனுக்கு அது பெரிய காரியமா? என் ஆங்கில உச்சரிப்பைப் பற்றி உள்ளூரச் சிலருக்குத் தயக்கம் இருந்திருக்கும். ஒருமுறை நீண்ட அறிவுரை ஒன்றைத் தடங்கலின்றிச் சொல்லி முடித்த பிறகு அந்தத் தயக்கத்தை நான் யாரிடமும் காணவில்லை. அதன் பின், “அந்தப் பகுதியை நம்ம இந்தியரிடம் கொடுங்கள்” என்பது வழக்கமாகிவிட்டது.

சபைக்கூட்டம் முடிந்ததும் நடக்கும் விருந்துதான் உண்மையில் ஊரைக் கற்றுக்கொள்ளும் இடம். புதியவர்கள் ஸ்டீவர்டுகளாகத் தொடங்க வேண்டும். மேசை விரிப்பது, மது ஊற்றுவது, தட்டெடுப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நகராட்சி வழக்கறிஞருக்கு நான் சூப் பரிமாறியிருக்கிறேன். அடுத்த ஆண்டு எனக்கு அவருடைய மகன் பரிமாறினான். எங்கள் பக்கத்து விருந்தில் ஆடம்பரம் கிடையாது. ஆட்டிறைச்சியின்மேல் உருளைக்கிழங்கை வட்டம் வட்டமாக அடுக்கிச் சுட்ட ஹாட்பாட், அதற்குத் தொட்டுக்கொள்ளப் புளிக்காடியில் ஊறிய சிவப்பு முட்டைக்கோசு. அது இல்லாத மாதங்களில் மாட்டிறைச்சியும் கிழங்கும் உள்ளே அடைத்துச் சுட்ட ‘பை’ என்னும் மாவுப் பண்டம். மாட்டிறைச்சி வேண்டாம் என்று ஒருமுறை சொன்னதற்குச் சமையற்கார அம்மாள் அடுத்த கூட்டத்திலிருந்து எனக்கெனப் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் வைத்த பை செய்துவைக்கத் தொடங்கினார். அதன்மேல் என் பெயரின் முதல் எழுத்தை மாவில் வெட்டி ஒட்டியிருப்பார். நாளடைவில், மருத்துவர் கொழுப்பைக் குறைக்கச் சொன்ன முதியவர்கள் சிலர், “அந்தப் பையில் எனக்கும் ஒன்று” என்று கேட்கத் தொடங்கினார்கள். பாலாடைக்கட்டியில் கொழுப்பு இல்லை என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

வாழ்த்துரைகளுக்கும் வரிசை உண்டு. முதலில் அரசருக்கும் அமைப்புக்கும், பிறகு அமைப்பின் தலைவரான கிராண்ட் மாஸ்டருக்கு (1967 முதல் கென்ட் கோமகன் அப்பொறுப்பில் இருந்துவந்தார்), விருந்தினர்களுக்கு, இறுதியாக உலகெங்கும் துன்பத்தில் இருக்கும் மேசான்களுக்கு. அடிப்பாகம் தடித்த சிறு கண்ணாடிக் கோப்பைகளை எல்லோரும் ஒரே நேரத்தில் மேசையில் இடிக்கும் ஓசை, முதன்முறை கேட்பவரைத் தூக்கிவாரிப்போடும். ஒன்பது மணிக்கு, கடிகார முட்கள் செங்கோணமாக நிற்கும் வேளையில், வர இயலாத உறுப்பினர்களை நினைத்துக் கோப்பை உயர்த்துவார்கள். சமயமும் அரசியலும் பேசக்கூடாது என்பது விதி. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நாட்டையே இரண்டாகப் பிளந்த 1984இலும் எங்கள் மேசையில் அதைப் பற்றி ஒரு சொல் எழவில்லை. வெளியே கார் நிறுத்துமிடத்தில் எழுந்திருக்கலாம். அந்த மௌனம் கோழைத்தனம் என்று அப்போது என் மனைவி சொன்னாள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவரையொருவர் வெறுப்பதற்கு முழு ஊரும் இருந்தது; வெறுக்காமல் சாப்பிட அந்த ஒரு மேசை இருந்தது.

பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதுதான் என் மகளுக்கு இன்றுவரை ஒப்பாத செய்தி. பெண்களுக்கெனத் தனி அமைப்புகள் 1908 முதலே இங்கு இருக்கின்றன என்று சொன்னால், “அப்படியானால் சேர்த்து நடத்துவதில் என்ன தடை?” என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மகளிர் விருந்துக்கு என் மனைவி பட்டுச்சேலையில் வருவாள். அங்கே கிடைத்த தோழிகள் பலர் அவளுக்கு என் நண்பர்களைவிட நெருக்கமாயினர் என்பதும் உண்மை.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த அமைப்பின்மீது ஐயம் உண்டு. அது ஆதாரமற்றது என்று தள்ளிவிட முடியாது. காவல்துறையிலும் நீதித்துறையிலும் மேசான்களின் செல்வாக்கை நாடாளுமன்றக் குழு விசாரித்து 1997இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு முதல் புதிதாக நியமிக்கப்படும் நீதிபதிகள் தாங்கள் மேசான்களா என்பதை வெளிப்படுத்த வேண்டியிருந்தது. 2009இல் அந்த விதி நீக்கப்பட்டது. நான் பார்த்த வரையில், பதவி உயர்வுக்காகச் சேர்ந்தவர்கள் இரண்டு ஆண்டுக்குமேல் தங்குவதில்லை. ஒரு மாலையில் மூன்று மணிநேரம் மனப்பாடம் கேட்டு, மிச்ச நேரத்தில் கூரைப் பழுதுக்குப் பணம் எங்கே என்று விவாதிக்கும் இடத்தில் அவர்களுக்கு என்ன கிடைக்கும்? அதற்காக உட்பூசல் இல்லை என்று சொல்ல மாட்டேன். யார் எந்த ஆண்டு சபைத் தலைவரான மாஸ்டராவது, வட்டாரச் சபைகளுக்கெல்லாம் மேலான மாகாண அமைப்பில் யாருக்குப் பதவி கிடைத்தது, அதனால் யாருடைய ஏப்ரனில் (சபையில் இடுப்பில் கட்டும் முன்துணி) வெளிர்நீலம் அடர்நீலமாக மாறியது என்பதற்கெல்லாம் பெரியவர்கள் சிறுபிள்ளைகள்போல் மனத்தாங்கல் கொள்வதைக் கண்டிருக்கிறேன். கோயில் அறங்காவலர் குழுவைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

உட்காவலர், டீக்கன், வார்டன் என்று படிப்படியாக ஏறி நானும் ஓராண்டு மாஸ்டராக அமர்ந்தேன். ஆனால் நான் மனநிறைவோடு செய்த வேலை அதற்குப் பிறகு வந்த ஆல்மனர் பொறுப்புதான். நோயுற்ற உறுப்பினர்களையும், இறந்தவர்களின் மனைவிமாரையும் கவனித்துக்கொள்வது ஆல்மனரின் பணி. பெயர்ப் பட்டியலோடு ஒரு குறிப்பேடு கைக்கு வரும். யாருக்குப் பிறந்தநாள் எப்போது, யாருக்குக் காது கேட்காது, யார் வீட்டில் நாய் கடிக்கும் என்பதெல்லாம் முந்தைய ஆல்மனர் அதில் எழுதிவைத்திருப்பார். கிறிஸ்துமசுக்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் பரிசுக்கூடை கொண்டுபோவேன். கணவர் இறந்த பின்னர் கணப்பு அடுப்பை எரிக்காமல் மேலங்கியோடு உட்கார்ந்திருந்த அம்மையார் ஒருவர், உதவி வேண்டுமா என்றால் வேண்டாம் என்றார். மறுவாரம் போய், சபையின் விண்ணப்பப் படிவத்தை நிரப்பத் தெரியவில்லை, உதவுங்கள் என்று அவரிடமே கேட்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தம் பெயரிலேயே அதை நிரப்பிக் கொடுத்தார். மேசானிக் அறநிலையங்களை 2016இல் ஒன்றாக இணைத்த பிறகு இத்தகைய விண்ணப்பங்கள் ஒரே இடத்துக்குப் போகின்றன. முன்பு எது எந்த அறநிலையத்துக்கு என்று தெரிந்துகொள்வதே ஒரு படிப்பாக இருந்தது. 2020 மார்ச்சில் கூட்டங்கள் நின்றபோது ஆல்மனரின் வேலை மட்டும் நிற்கவில்லை. தொலைபேசியை வைக்க விடாமல் பேசிய முதியவர்களிடமிருந்து இந்த ஊரின் பஞ்சாலை வரலாறு முழுவதையும் அந்த மாதங்களில் கேட்டுவிட்டேன்.

அவர்களில் ஒருவர் பழைய தறி மேஸ்திரி, அறுபது ஆண்டுகள் உறுப்பினர். ஐம்பது ஆண்டு நிறைந்தால் மாகாணத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து சான்றிதழ் தருவார், அறுபதுக்கும் அப்படியே. அவர் முதியோர் இல்லத்தில் இருந்ததால் விழாவை அங்கேயே வைத்தோம். செவிலியர்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வாழ்த்து எழுதிய கேக் ஒன்றும் வாங்கியிருந்தார்கள். அதிகாரி எழுந்து, முறைப்படி எழுதிக்கொண்டு வந்த பாராட்டுரையை வாசிக்கத் தொடங்கினார். கிழவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “தாளைப் பார்த்தா வாசிக்கிறாய், தம்பி?” அதிகாரியும் எழுபதைத் தாண்டியவர். சிரித்துக்கொண்டே தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, நினைவிலிருந்த அளவு சொன்னார். இரண்டு இடத்தில் தடுமாறினார். இரண்டையும் கிழவர் எடுத்துக் கொடுத்தார், தம்மைப் பற்றிய பாராட்டைத் தாமே.

எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் வருகிறது. உலகப் போர்கள் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அந்தத் தோழமையைத் தேடி நூற்றுக்கணக்கில் தொடங்கிய சபைகளில் பல இன்று இணைந்துவிட்டன அல்லது மூடப்பட்டன. எங்களுடையதும் மற்றொன்றோடு இணைந்தது. கட்டடத்தைச் சூடாக்கும் செலவைச் சமாளிக்கக் கீழ்த்தளத்தைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். நம் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழாவும் இரண்டு ஆண்டுகளாக அங்கேதான். கேரளத்து ஆண் செவிலியர் இருவரும் நைஜீரியப் பொறியாளர் ஒருவரும் இப்போது எங்கள் டீக்கன்களும் ஸ்டீவர்டும். பொங்கல் விழாவில் சந்தித்த மதுரைப் பையன் ஒருவன், இதில் சேர்ந்தால் வேலைக்கு ஏதேனும் பயன் உண்டா என்று நேராகவே கேட்டான். சந்தா எவ்வளவு, எத்தனை பக்கம் மனப்பாடம், முதல் ஆண்டில் எத்தனை தட்டெடுக்க வேண்டும் என்று சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவன் மூன்றாம் வாரம் தொலைபேசியில் அழைத்து, உறுதிமொழிக்குத் திருவாசகம் கொண்டுவரலாமா என்று கேட்டான். செயலாளரிடம் பேசிவிட்டேன், அவருக்கு மறுப்பில்லை. வாக்கெடுப்பு அடுத்த மாதம்.