ஆய்வுகூட அலுமாரியில் இருந்த சவர்க்காரம்

எங்கள் இரசாயனவியல் சேர் காலமாகி இந்த மாசியோடு ஒரு வருடம். எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் இந்த நினைவு மலரில் அவருடைய சைக்கிளையும் பிரம்பையும் மற்றவர்கள் எழுதுவார்கள். அலுமாரியில் இருந்த சவர்க்காரத்தைப் பற்றி எழுத நான் ஒத்துக்கொண்டேன்.

1992 உயர்தர வகுப்புக்காரருக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலம், பனங்கழியில் உடுப்புத் தோய்த்த காலம். அப்படி ஒரு நாளில் சேர் ஒரு முழுச் சவர்க்காரக் கட்டியை உறை பிரிக்காமல் மேசையில் வைத்தார். எண்பதுகளில் நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போன ஆசிரியர்களில் அவரும் ஒருவர். அங்கத்தைய சந்தையில் வாங்கியது. தோலை வெளுக்க வைக்கும் சவர்க்காரம் என்று சொன்னார். "சேர், அதைக் கறுவலுக்குக் குடுங்கோ" என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல். வகுப்பு முழுக்கச் சிரித்தது.

சேர் ஏசவில்லை. திரும்பிக் கரும்பலகையில் கணக்கு எழுதினார். கட்டி 80 கிராம். அதில் இரச அயடைட்டு (பாதரசமும் அயடீனும் சேர்ந்த சேர்மம்) நூற்றுக்கு 1 பங்கு, அதாவது 0.8 கிராம். இரசம் 200.6, அயடீன் 126.9 இரண்டு தரம், மூலர்த்திணிவு 454.4. ஆகவே கட்டிக்குள் இருக்கும் தனி இரசம் 0.35 கிராம். மில்லியனில் எத்தனை பங்கு? சுமார் 4,400.

அந்த எண்ணின் கனம் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. அழகுசாதனப் பொருளில் மில்லியனில் 1 பங்குக்கு மேல் இரசம் இருக்கக்கூடாது என்று இரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான 2013 மினமாட்டா உடன்படிக்கை எல்லை வைத்தது. சேர் எடுத்த 1 நூற்றுவீதமும் குறைந்த கணக்குத்தான். இப்படியான சவர்க்காரங்களில் 1 முதல் 3 வரை இருக்கும். களிம்புகளில் இரச அமோனியச் சேர்மம் 10 நூற்றுவீதம் வரை போகும். தோலுக்கு நிறம் தரும் மெலனினைச் செய்யும் நொதியம் செப்பை வைத்து வேலை செய்கிறது. இரசம் அதைக் குழப்பிவிட, தோல் வெளுக்கிறது. உள்ளே இறங்கிய இரசம் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. 1972இல் நைரோபியில் உடல் வீங்கி, சிறுநீரில் புரதம் இழந்து வந்த நோயாளரைப் பார்த்த மருத்துவர்கள், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள் என்று எழுதினார்கள்.

ஏன் பூசுகிறார்கள் என்று கேட்டவனுக்குச் சேர் அரை மணித்தியாலம் பதில் சொன்னார். தோலின் நிறத்துக்கு முதலில் விலை வைத்தவன் எசமான் என்றார். அமெரிக்கத் தோட்டங்களில் வெளிர் நிற அடிமைகள் பலர் எசமானுக்கே பிறந்தவர்கள். அவர்களுக்கு வீட்டு வேலை, கறுத்தவருக்கு வயல். விடுதலைக்குப் பிறகும் கறுப்பினத்தவரின் சில சங்கங்கள், மண்ணிறக் கடதாசிப் பையைவிடக் கறுத்தவரை உள்ளே விடவில்லை. தென்னாபிரிக்காவில் மக்களை இனவாரியாகப் பதிந்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 'கலப்பினம்' என்று பதிவாகிவிட்டால் வாழ்க்கை கொஞ்சம் இலகு. "நிறத்துக்குச் சம்பளம் இருந்தது பிள்ளையள், அதுதான் களிம்புக்கும் சந்தை இருந்தது" என்றார். அந்த வசனம் என் கொப்பியில் இருந்தது.

பாமசியில் வேலை செய்யும் எங்கள் சங்கத்தவர் பலருக்கு அந்தச் சந்தை இன்னும் தெரியும். தென் லண்டன் கடைகளில் கேட்பவருக்கு மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பொருட்களில் இன்று இரசத்தோடு வேறு இரண்டும் சேர்ந்திருக்கின்றன. ஒன்று ஹைட்ரோகுயினோன் என்ற வெளுக்க வைக்கும் இரசாயனம். ஆண்டுக்கணக்கில் பூசினால் கன்ன எலும்பின் மேலே நீலக் கருமை படரும், பெரும்பாலும் அது திரும்பாது. கருமையை மறைக்க இன்னும் பூசுவார்கள், இன்னும் கறுக்கும். 1975இல் தென்னாபிரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் இதை முதலில் விவரித்தார்கள். 1980இல் 2 நூற்றுவீத எல்லை வந்தும் பலன் இல்லாமல், 1990இல் முற்றாகத் தடைசெய்தார்கள். கறுப்பு உணர்வு இயக்கத்தவரும் மருத்துவர்களும் சேர்ந்து பெற்ற தடை அது.

மற்றது குளோபெட்டசோல், 0.05 நூற்றுவீத ஸ்டெரொயிட். தோல் கடதாசிபோல மெலியும், வரி விழும், காயம் ஆறாது. உடல் முழுக்க மாதக்கணக்கில் பூசியவர் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. உடலுக்குள் ஸ்டெரொயிட் சுரக்கும் அதிரீனற் சுரப்பி தூங்கிப் போயிருக்கலாம், மயங்கி விழக்கூடும். மருத்துவரிடம் அனுப்பி, அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டும். முகமும் கையும் வெளுத்து விரல் மொளி மட்டும் கறுத்திருந்தால் கேளுங்கள், ஆனால் வரிசையில் நிற்பவர் காதில் விழாமல் கேளுங்கள். வெட்கப்படுத்தினால் அவர் திரும்ப வரமாட்டார், களிம்பை மட்டும் தொடர்ந்து பூசுவார்.

இரசத்தைப் பிடிக்கச் சேர் சொல்லித்தந்த வழி இன்றும் உதவுகிறது. பொருட்பட்டியலில் இரசம் என்று போடாமல் விடுவார்கள். 'தங்கம், வெள்ளி, அலுமினியம், இறப்பரில் படாமல் பார்க்கவும்' என்று மூலையில் எழுதியிருக்கும். தங்கத்தில் பட்டால் இரசம் அதோடு கலந்து நகையைக் கெடுக்கும். நகையைக் காப்பாற்ற எழுதிய அந்த எச்சரிக்கையே உள்ளே இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். கண்டால் சிறுநீரில் இரசப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். துவாய், தலையணை உறை வழியாகப் பிள்ளைகளுக்கும் போகும் என்பதால் வீட்டாரையும் விசாரியுங்கள். குப்பைக்குள் எறியாமல் இறுக்கிக் கட்டி, ஆபத்தான கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்க வேண்டும்.

1995 இடப்பெயர்வில் கொப்பிகள் போயின. சேர் திரும்பிப் போய் அதே ஆய்வுகூடத்தில் ஓய்வுபெறும்வரை படிப்பித்தார். நாங்கள் திரும்பவில்லை. அவர் சொல்லித்தந்தது யாருக்கு உதவுகிறது என்று ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

அன்று சிரித்ததற்காக இரண்டாம் வாங்கில் இருந்தவனிடம் மன்னிப்புக் கேட்டு இந்த மலரில் எழுத விரும்பினோம். வகுப்பில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் சேர் ஒருவர்தான். பெயரை அறிய லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள நாலு பேருக்குத் தொலைபேசி எடுத்தோம். நாலு பேருக்கும் கறுவல் என்றுதான் நினைவிருந்தது. சேர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.