தாம்பாளம் சரிந்த நாளிலிருந்து

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் 16 வருஷம் பெயர் வெட்டியிருக்கிறேன். குடம், தூக்கு, டிபன் கேரியர், சீர்வரிசைத் தாம்பாளம் என்று எது வாங்கினாலும் கடைசியில் வாசல் ஓரம் இருக்கும் என் ஸ்டூலுக்கு வந்துவிடும். தடிப் பேனா மாதிரி ஒரு மெஷின், முனையில் ஊசி. சுவிட்சைப் போட்டால் ஊசி துடிக்கும். வெறும் பாத்திரத்தில் வைத்தால் ‘கிர்ர்ர்’ என்று எதிர்க்கடை வரைக்கும் கேட்கும். உள்ளே ஒரு ஈரத்துண்டைத் திணித்துவிட்டு வெட்டினால் பாதி சத்தம் செத்துவிடும். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அப்படித்தான் வெட்டுவார். நான் செய்யமாட்டேன். முகூர்த்த மாதத்தில் பத்துப் பேர் தலைக்கு மேல் நிற்கும்போது துண்டைத் திணித்து உருவிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

2021 தீபாவளிக்கு நாலு நாள் முன்பு கடையில் நல்ல கூட்டம். பையன் மேல் ரேக்கிலிருந்து எதையோ இழுக்க, தாம்பாள அடுக்கு ஒன்று சரிந்து மொசைக் தரையில் விழுந்தது. முப்பது நாற்பது இருக்கும். என் இடது காதுக்கு இரண்டடி தள்ளி. எல்லோரும் சிரித்தார்கள், முதலாளி எதிலாவது சொட்டை விழுந்ததா என்று பார்த்தார். எனக்குக் காது ‘ஙொய்’ என்றது. அன்றும் மறுநாளும் பஞ்சு அடைத்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் அடைப்பு திறந்தது. அதோடு நிற்கவில்லை என்பதுதான் தொல்லை.

முதலில் காட்டிக்கொடுத்தது காபி. மனைவி டம்ளரை டபராவில் வைத்தாள். ‘டிங்’. காதுக்குள் ஊக்கைச் செருகித் திருகியது போல இருந்தது. கையிலிருந்த பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். “என்னங்க ஆச்சு?” என்றாள். சொல்லத் தெரியவில்லை. டம்ளர் வைத்ததற்கு வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பிளாஸ்டிக் கவரைக் கசக்குவது, செருப்பைத் தரையில் போடுவது, பையன் கிரிக்கெட் பார்த்துக் கை தட்டுவது. குக்கர் விசிலுக்கு நான் தெருவுக்கே போய்விடுவேன். கடையில் மெஷினைக் கையில் எடுத்தால் அடுத்த இரண்டு மணி நேரம் காது உள்ளே படபடவென்று, பட்டாம்பூச்சி மாட்டிக்கொண்ட மாதிரி அடிக்கும்.

தஞ்சாவூரில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, பீப் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி என்று கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்துக் கொடுத்தார்கள். காதில் விழ ஆரம்பிக்கிற சத்தத்தின் அளவு 25 டெசிபலுக்குள் இருந்தால் நார்மலாம். எனக்கு எல்லாம் 20க்குள். இடது காதில் 4000 ஹெர்ட்ஸ் என்கிற கீச்சுச் சுருதியில் மட்டும் ஒரு சின்னப் பள்ளம், 30. சத்தத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் இறங்குமாம். “உங்க காது என் காதைவிட நல்லா கேக்குதுங்க” என்று சிரித்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நன்றாகக் கேட்கிறது என்பதுதானே ஐயா என் புகாரே.

இன்னோர் இடத்தில் காதில் ரப்பர் முனையைச் செருகிக் காற்றழுத்தம் பார்த்தார்கள். அதுவரை சரி. அதற்கு மேல், காதுக்குள் இருக்கும் சின்னத் தசை சுருங்குகிறதா என்று பார்க்க ‘பாம்... பாம்’ என்று ஏறிக்கொண்டே போகும் சத்தத்தை விட்டார்கள். நான் நெளிய, “அசையாதீங்க சார், ரீடிங் வராது” என்று அதட்டல் வேறு. அந்த ஒரு சோதனைக்குப் பிறகு இரண்டு வாரம் படுக்கையை விட்டு எழவில்லை. என்னைப் போல யாராவது இருந்தால் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் தாங்கவில்லை என்று போகிறவர் அந்தச் சோதனைக்கு உட்காரும் முன்பே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும், அது அவசியம்தானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. அந்த மெஷின் போடும் சத்தத்துக்கு நல்ல காதுக்காரர்களுக்கே அடைப்பான் கொடுத்துத்தான் உள்ளே அனுப்புகிறார்கள்.

ஊரில் பேச்சு வேறு. “மனசுதான் காரணம்” என்றார் மச்சான். அத்தை, யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்று கோயிலுக்கு இழுத்துப் போனார். நல்ல எண்ணம்தான். ஆனால் தீபாராதனைக்கு மோட்டாரில் ஓடும் முரசும் மணியும் சேர்ந்து அடிக்கிற கோயில் அது. நான் பிரகாரத்தைத் தாண்டி ஓடியதைப் பார்த்து அத்தைக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது: உள்ளே இருக்கிறது சாமியைக் கண்டால் ஓடுகிறது!

இதற்கு நடுவில் நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். மருந்துக் கடையில் ஆரஞ்சு கலர் ஸ்பாஞ்சு அடைப்பான் ஒரு டப்பா. அதற்கு மேல், ஃபேக்டரியில் மாட்டிக்கொள்வார்களே, அந்தக் காது மூடி. காலையில் மாட்டினால் ராத்திரி தூங்கும்போதும் கழற்றமாட்டேன். முதல் வாரம் சொர்க்கம். ஐந்து மாதம் அப்படியே இருந்தேன். முறுக்கு மென்றால் என் பல் சத்தமே மண்டைக்குள் கல்லுடைக்கிற மாதிரி கேட்கும். அதனால் பேச்சையும் குறைத்தேன், சாப்பாட்டையும் குறைத்தேன். ஐந்தாம் மாதம் குளிக்கும்போது ஒரு நாள் அடைப்பானைக் கழற்றினேன். சொம்பிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் தாங்கவில்லை. ஆரம்பத்தில் தண்ணீர் என்னை ஒன்றும் செய்ததில்லை. பயந்துபோனது அன்றைக்குத்தான்.

கடைக்குச் சீர் வாங்க வந்த ஓர் அம்மா, தன் மகள் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது கேட்பதைச் சோதித்து வைத்தியம் சொல்கிறவள், திருச்சியில் இருக்கிறாள் என்றார். அப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மைசூரில் இதற்கென்றே 1965இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, அந்தப் பெண் அங்கே படித்தவர். 2022 ஏப்ரலில் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் அவர் செய்த முதல் காரியம், மேஜையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துப் பக்கத்து அறையில் வைத்ததுதான். அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

“எந்தச் சத்தமா இருந்தாலும் கொஞ்சம் பெரிசானா வலிக்குதா? இல்ல, சின்னச் சத்தமா இருந்தாலும் குறிப்பிட்ட ஒண்ணு, குறிப்பிட்ட ஆள் போட்டா கோபம் வருதா?” என்று கேட்டார். இரண்டாவது வேறு கணக்காம். மெல்லுவது, உறிஞ்சுவது, மூக்கை இழுப்பது மாதிரி சத்தங்களில் ஆத்திரம் பொங்குவதற்கு மிசோஃபோனியா என்று பெயர். ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் தம்பதி 2001இல் வைத்த பெயர். என்னுடையது முதல் ரகம், அதற்கு ஹைப்பர்அக்யூசிஸ் என்று பெயர். மச்சான் பாயசத்தை உறிஞ்சுவது எனக்கு வலிக்காது. எரிச்சல் வரும், ஆனால் அது வீட்டில் எல்லோருக்கும் வருவது.

அப்புறம் ஒரு சோதனை. இந்த முறை, கேட்கிறதா என்று இல்லை, எதுவரை தாங்குகிறது என்று. “அசௌகரியமா ஆரம்பிச்ச உடனே கையைத் தூக்கிடுங்கண்ணா. வலிக்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க” என்றார். ஐந்து ஐந்து டெசிபலாக ஏற்றினார். சாதாரணமாக 90, 100 வரை தாங்குமாம். எனக்கு வலது காது 70, இடது 60. தாளில் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதமாக யாருமே நம்பாத ஒன்று நம்பராக எழுதியிருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், மறைக்க ஒன்றுமில்லை.

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவருக்கு முகவாதம். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அவருக்கும் அந்தப் பக்கக் காதில் சத்தம் தாங்கவில்லை. பெரிய சத்தம் வந்தால் நடுக்காதில் ஒரு குட்டித் தசை அங்கவடி எலும்பை இழுத்துப் பிடித்துக் கொள்ளுமாம். அந்தத் தசைக்கும் முக நரம்பிலிருந்துதான் கிளை போகிறது. நரம்பு படுத்தால் தசையும் படுத்துவிடும். முகம் சரியானால் அநேகமாக அதுவும் சரியாகிவிடும் என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

எனக்கு அந்த ஆடியாலஜிஸ்ட் பெண் சொன்ன விளக்கம் கல்யாண மைக்செட். பாடுகிறவர் குரல் மெலிசாக இருந்தால் மைக்செட்காரர் என்ன செய்வார்? ஆம்ப்ளிஃபையரைத் திருகி ஏற்றுவார். அந்த நேரம் யாராவது மைக் பக்கத்தில் இருமினால் பந்தலே அதிரும். காதுக்குள் வரும் சத்தம் குறைந்தால் மூளையும் அப்படித்தான் ஏற்றிக்கொள்ளும் என்று இந்தத் துறையில் பலர் நினைக்கிறார்கள். பதினாறு வருஷ மெஷினும் தாம்பாளமும் காதைக் கொஞ்சம் கெடுத்திருக்க, நான் அடைப்பானையும் போட்டு, இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று என்று மைக்செட்காரருக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அமெரிக்காவில் நல்ல காதுக்காரர்களையே வைத்து இதைச் சோதித்து 2003இல் வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் அடைப்பான் போட்டவர்களுக்குச் சத்தம் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது. இரண்டு வாரம் மெல்லிய இரைச்சலைக் கேட்டவர்களுக்குத் தாங்கும் அளவு கூடியது.

ஆக வைத்தியம் நான் செய்ததற்கு நேர் எதிர். அடைப்பானைக் கழற்று. ஆனால் ஒரேயடியாக இல்லை. முதல் வாரம் காலையில் அரை மணி நேரம் மட்டும். அமைதியான அறையில் இருக்கவே கூடாது. டேபிள் ஃபேன் ஓடவேண்டும், இல்லாவிட்டால் ஃபோனில் மழைச் சத்தம். அதுவும் ஸ்பீக்கரில், காதில் மாட்டிக்கொண்டு இல்லை. “கேக்கணும், ஆனா கவனிக்கத் தோணக் கூடாது. அவ்வளவுதான் வால்யூம்” என்றார். காதிலேயே மாட்டும் இரைச்சல் கருவி ஒன்றும் இருக்கிறது. விலையைக் கேட்டுவிட்டுக் கும்பிடு போட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. டேபிள் ஃபேன் 14 மாதம் ராத்திரி பகலாக ஓடி ஒருமுறை காயில் போயிற்று, அந்தச் செலவுதான்.

கூடவே மனநல ஆலோசகரிடம் நாலு தடவை போகச் சொன்னார். மச்சான் சொன்னதே சரியாகிவிட்டதே என்று முரண்டு பிடித்தேன். போன பிறகுதான் புரிந்தது. விசில் அடிக்கிற வலி பாதி என்றால், விசில் அடிக்கப்போகிறது என்று குக்கரையே பார்த்துக்கொண்டு கழுத்து விறைத்து நிற்பது மீதிப் பாதி. ஆலோசகர் கொடுத்த பயிற்சி இது. துவரம்பருப்புக்கு மூன்று விசில். முதல் இரண்டு வாரம் வாசலில் நின்று கேட்க வேண்டும். அப்புறம் திண்ணை. அப்புறம் கூடம். ஆவி ‘உஸ்ஸ்’ என்று தயாராகும்போது மூச்சை மெல்ல விட்டுத் தோளைத் தொங்கவிட வேண்டும். நான் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு, பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி நின்றதைப் பார்த்துப் பையன் வீடியோ எடுத்தான். சமையலறை நிலைப்படிக்கு வந்துசேர நாலு மாதம் ஆயிற்று.

நாலாம் மாதமே ஒரு சறுக்கல். பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் முதுகுக்குப் பின்னால் ஏர்ஹார்னை அடித்தது. மூன்று வாரம் பின்னுக்குப் போனேன். அடைப்பானை எடுத்து மறுபடியும் தலையணைக்கு அடியில் வைத்தேன். ஃபோன் செய்தபோது அந்தப் பெண், “இப்படி ரெண்டு மூணு வரும்ணா. ஃபேனை மட்டும் நிறுத்தாதீங்க” என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கு மேல் பேசியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

வீட்டில் பாத்திரம் கவிழ்க்கும் கம்பிக் கூடை போய் பிளாஸ்டிக் கூடை வந்தது, அடியில் பழைய துண்டு. “எவர்சில்வர் கடைக்காரன் வீட்டுல பிளாஸ்டிக்கா” என்று அம்மாவுக்குத் தாங்கவில்லை. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ் போட்டோம். வெளியுலகத்துக்கு ரப்பர் குமிழ் கிடையாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டு விதி இருக்கிறது. ஃபோன் ஆப்பில் பார்த்தேன், அது துல்லியம் கிடையாது என்றாலும் சொல்கிறேன்: எங்கள் தெருவில் 45 என்பது, நாய்களும் தூங்கிவிட்ட ராத்திரி இரண்டு மணிக்குத்தான் காட்டியது. தீபாவளிக்குக் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று வெடிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் மட்டும்தான் வெடிக்கிறார்களா என்று என்னிடம் கேட்காதீர்கள். அன்றைக்கு மட்டும் காது மூடி உண்டு. கெட்டிமேளத்துக்கும் உண்டு. அதற்கெல்லாம் போட்டுக்கொள்ளலாம், டபராவுக்குப் போடக் கூடாது, அதுதான் கணக்கு.

2023 ஜூனில் மறுபடி அளந்தபோது வலது 85, இடது 80. முழுசாகச் சரியாகவில்லை. ஏர்ஹார்னுக்கு இன்னும் ரோட்டின் மறுபக்கம் போய்விடுகிறேன். முதலாளி என்னைக் கணக்குப் பார்க்க உட்காரவைத்துவிட்டார். பெயர் வெட்ட வேறு பையன் வந்தான்.

போன தை மாதம் பையன் சாப்பிடப் போயிருந்த நேரம், ஒரு பாட்டி பேரனுக்கு வாங்கிய தூக்கைக் கொண்டுவந்து ‘கார்த்திக்’ என்று வெட்டச் சொன்னார். பஸ்ஸுக்கு நேரமாகிறதாம். ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். தோளில் கிடந்த துண்டை நனைத்துத் தூக்குக்குள் இறுகத் திணித்தேன். மூச்சை விட்டுவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். ‘கிர்ர்’ என்பது ‘ஙர்ர்’ என்று அடங்கி வந்தது. இடது காது கொஞ்சம் முறைத்தது, குத்தவில்லை. வெட்டி முடித்து, துண்டை உருவி, துடைத்துக் கொடுத்தேன்.

பாட்டி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏப்பா, கடைசி எழுத்துக்குப் புள்ளி எங்கே? கார்த்திகன்னுல்ல இருக்கு” என்று நீட்டினார்.

ஒரு புள்ளிக்காக மறுபடியும் துண்டைத் திணித்தேன்.